கம்பெனியை ஆண்ட யூதப் பெண்மணி
புளோரா சாசூன் வாழ்க்கை வரலாறு

ஏற்காட்டுக்குப் போனவர்கள் எல்லோரும் "லேடீஸ் சீட்" பார்த்திருப்பார்கள். மலையின் விளிம்பில் ஒரு பாறை. அதன் மேல் உட்கார்ந்தால் கீழே சேலம் நகரம் முழுவதும் தெரியும். மலைப்பாதை பாம்பு போல வளைந்து வளைந்து இறங்குவதும் தெரியும். இரவானால் ஊர் விளக்குகள் நட்சத்திரம் போல மின்னும்.

வெள்ளைக்காரர் காலத்தில் ஒரு துரைசானி மாலை வேளைகளில் அங்கே வந்து உட்காருவாராம். அதனால்தான் அந்தப் பெயர் என்பார்கள். பக்கத்தில் "ஜென்ட்ஸ் சீட்" என்று ஆண்களுக்கும் ஓர் இடம் உண்டு. குழந்தைகளுக்கும் ஒன்று உண்டு.

ஆணுக்கு ஒரு பாறை, பெண்ணுக்கு ஒரு பாறை! மலை மேல் இது வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் வாழ்க்கையில் இது பெரிய கேள்வி. பெண்ணுக்கு உரிய இடம் எது? அவள் அடக்கமாக இருக்க வேண்டும் என்கிறோம். அடக்கமாக இருக்கிறவள் ஊர்க் காரியத்தில் தலையிடலாமா? நாலு பேர் நடுவில் பேசலாமா? ஆண்களுக்கு உத்தரவு போடலாமா?

நம் வீடுகளில் எழும் இந்தக் கேள்வி, உலகத்தின் மிகப் பழைய மதங்களில் ஒன்றான யூத மதத்திலும் உண்டு. அதற்குத் தன் வாழ்க்கையையே பதிலாகச் சொன்ன ஒரு பெண்மணி நம் இந்தியாவில் பிறந்தவர். அவர் பெயர் புளோரா சாசூன்.

யூதர் சொல்லும் அடக்கம்

முதலில் யூதர்களின் வழக்கத்தைக் கொஞ்சம் தெரிந்து கொள்வோம்.

அடக்கத்தை அவர்கள் "த்ஸ்னியுத்" என்று சொல்வார்கள். கல்யாணம் ஆன பெண், பிறர் பார்வையில் படும்போது தலைமுடியை மறைத்துக் கொள்ள வேண்டும். உடம்பை மூடும்படி உடுத்த வேண்டும். ஆசாரமான யூதர்களின் ஜெப ஆலயத்தில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து உட்காருவதில்லை. பெண்களுக்குப் பெரும்பாலும் மாடியில் இடம் இருக்கும். கொச்சியில் 1568-இல் கட்டப்பட்ட ஜெப ஆலயத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

பெண் பாடுவதை ஆண்கள் கேட்கக் கூடாது என்றும் பல ஊர்களில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆனால் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இல்லை. கொச்சி யூதப் பெண்கள் கல்யாண வீடுகளிலும் பண்டிகைகளிலும் மலையாளத்தில் பாட்டுப் பாடினார்கள். ஆண்களும் கேட்டு மகிழ்ந்தார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அடக்கம் பெண்ணுக்கு மட்டும் சொல்லப்பட்டது அல்ல. மனிதன் கடவுளுக்கு முன் அடக்கமாக நடக்க வேண்டும் என்று மீகா தீர்க்கதரிசி சொன்னது எல்லோருக்கும்தான். ஆணும் தன் பெருமையைத் தானே தம்பட்டம் அடித்துக் கொள்ளக் கூடாது.

அவர்களுடைய வேதத்தில் வரும் பெண்களும் மூலையில் முடங்கிக் கிடந்தவர்கள் அல்லர். தெபொராள் என்ற பெண் ஒரு பேரீச்ச மரத்தின் அடியில் உட்கார்ந்து மக்களின் வழக்குகளைத் தீர்த்து வைத்தாள். படை புறப்படும்போது தளபதி அவளையும் கூட வரும்படி அழைத்தான். எஸ்தர் ராணி பாரசீக அரண்மனையில் தன் உயிரைப் பணயம் வைத்து மன்னனிடம் பேசித் தன் இனத்தைக் காப்பாற்றினாள். செலொப்பியாத் என்பவரின் ஐந்து பெண்கள் மோசேயின் முன் நின்று, தகப்பன் சொத்தில் பங்கு கேட்டு வாங்கினார்கள்.

வெள்ளிக்கிழமை இரவில் யூத வீடுகளில் நல்ல மனைவியைப் புகழும் ஒரு பழைய பாட்டைப் பாடுவார்கள். அந்தப் பாட்டில் வரும் மனைவி விடியுமுன் எழுந்து வீட்டாருக்கு உணவு தருகிறாள். அதோடு நிலம் வாங்குகிறாள். திராட்சைத் தோட்டம் போடுகிறாள். துணி நெய்து வியாபாரிக்கு விற்கிறாள். ஏழைக்குக் கை நீட்டிக் கொடுக்கிறாள்.

இந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்தான் புளோரா.

பாக்தாதில் இருந்து பம்பாய்க்கு

சாசூன் குடும்பத்தின் பூர்வீகம் பாக்தாது. அங்கே இருந்த கவர்னரின் கொடுமை தாங்காமல் டேவிட் சாசூன் என்ற வியாபாரி ஊரை விட்டு வெளியேறினார். 1832-இல் பம்பாயில், அதாவது இன்றைய மும்பையில், வந்து குடியேறினார். பஞ்சு, நூல், துணி என்று வியாபாரம் செய்தார். அபினும் விற்றார். கல்கத்தா, ஹாங்காங், ஷாங்காய், லண்டன் என்று கிளைகள் வளர்ந்தன.

பணம் கொட்டியது. அபின் வியாபாரத்தால் சீனாவில் எத்தனையோ குடும்பங்கள் பாழாயின என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். சாசூன்கள் மட்டுமல்ல, அக்காலத்தில் பல பெரிய வியாபாரிகள் அதில் ஈடுபட்டிருந்தார்கள். ஆங்கில அரசாங்கமே அதில் வருமானம் பார்த்தது.

இந்தக் குடும்பம் தானதருமமும் நிறையச் செய்தது. பம்பாயில் டேவிட் சாசூன் நூல் நிலையமும், புனாவில் சாசூன் ஆஸ்பத்திரியும் இன்றும் இருக்கின்றன. 1875-இல் கட்டிய சாசூன் துறையில் இன்றும் மீன்படகுகள் வந்து நிற்கின்றன.

டேவிட் சாசூனின் மூத்த மகன் ஆல்பர்ட். அவருடைய மகள் அஜீஸா. அஜீஸாவின் மகள்தான் புளோரா. 1859-இல் பம்பாயில் பிறந்தார். வீட்டில் அவரை "பர்ஹா" என்று அழைத்தார்கள். தகப்பனார் எசக்கியேல் கப்பாய்.

படிப்பு

அந்தக் காலத்தில் பெண்ணைப் படிக்க வைப்பது அபூர்வம். பாக்தாதில் யூதப் பெண்களும் முகத்திரை போட்டுத்தான் தெருவில் நடந்தார்கள். அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்த புளோராவுக்கு வேத பண்டிதர்கள் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். எபிரேய மொழியும் அராமிய மொழியும் கற்றார். வீட்டில் அரபு பேசினார்கள். வேலைக்காரர்களிடம் இந்துஸ்தானி. அதோடு ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளும் தெரியும்.

"தால்மூத்" என்பது யூதர்களின் பெரிய சட்ட நூல் தொகுதி. ஆண்களிலேயே பலர் அதன் பக்கம் போகப் பயப்படுவார்கள். புளோரா அதையும் படித்தார்.

1876-இல் அவருக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை சாலமன் சாசூன். டேவிட் சாசூனின் இளைய தாரத்துப் பிள்ளை. அதாவது புளோராவின் தாத்தா ஆல்பர்ட்டுக்குத் தம்பி முறை! வயதில் 18 ஆண்டு மூத்தவர். பெரிய குடும்பங்களில் சொத்து வெளியே போகாமல் இருக்க அப்படி உறவுக்குள்ளேயே சம்பந்தம் செய்வது அன்றைய வழக்கம்.

இருவரும் பம்பாய் மலபார் குன்றில் பெரிய மாளிகையில் வாழ்ந்தார்கள. ரேச்சல், டேவிட், மொசேல் என்று மூன்று குழந்தைகள். மொசேல் உடல்நலம் குன்றிய குழந்தை. தாய்க்கு அந்தக் கவலை கடைசி வரை இருந்தது.

இடி விழுந்தது

சாசூன் சகோதரர்களில் பலர் லண்டனுக்குப் போய்விட்டார்கள். இளவரசரின் சினேகிதம், குதிரைப் பந்தயம், விருந்து என்று அங்கே வாழ்க்கை வேறாகி விட்டது. பம்பாயில் இருந்து கம்பெனியைக் கவனித்தவர் சாலமன்தான். மில்களும் கிடங்குகளும் அவர் பொறுப்பில் இருந்தன.

1894-இல் சாலமன் இறந்தார். அப்போது புளோராவுக்கு 35 வயதுதான். கையில் மூன்று பிள்ளைகள். விதவை. பெட்டிச் சாவியை மைத்துனர்களிடம் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கலாம். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. யாரும் குற்றம் சொல்லி இருக்கவும் மாட்டார்கள்.

ஆனால் புளோரா கம்பெனியின் பொறுப்பைத் தானே ஏற்றார். கம்பெனியின் பங்குதாரராகவும் ஆனார்.

நம் மதுரையில் ராணி மங்கம்மாளை நினைத்துப் பாருங்கள். கணவர் இல்லை. மகனும் இறந்தான். பேரனோ கைக்குழந்தை. ராஜ்யத்தைத் தன் கையில் எடுத்து நடத்தினார் அல்லவா? சாலையும் சத்திரமும் போட்டு, இன்றுவரை பெயர் சொல்லும்படி ஆண்டார் அல்லவா? அதே போன்ற நிலைமைதான் இது. இங்கே ராஜ்யத்துக்குப் பதில் கம்பெனி.

ஆபீசில் ஒரு பெண்

1890-களில் பம்பாய் ஆபீஸ் எப்படி இருந்திருக்கும்? குமாஸ்தாவும் ஆண். தரகரும் ஆண். கப்பல்காரனும் ஆண். பாங்கிக்காரரும் ஆண். அத்தனை பேருக்கும் மேலே ஒரு பெண்.

பஞ்சு விலை ஏறுமா இறங்குமா என்று கணிக்க வேண்டும். சீனாவில் நூல் விலை என்ன என்று தந்தி வரும். அதைப் பார்த்து வாங்கவோ விற்கவோ முடிவு செய்ய வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் நஷ்டம்.

சாசூன் குடும்பத்தார் தங்களுக்குள் எழுதிய கடிதங்களில் ஒரு தந்திரம் இருந்தது. பாக்தாது யூதர் பேசும் அரபு மொழியை எபிரேய எழுத்தில் எழுதுவார்கள். போட்டிக்காரர் கையில் கடிதம் சிக்கினாலும் ஒன்றும் புரியாது. இந்தக் கடிதங்களைப் படிக்கவும் எழுதவும் புளோராவுக்கு யார் துணையும் தேவைப்படவில்லை. சின்ன வயதில் கற்ற கல்வி அங்கே கை கொடுத்தது.

இத்தனைக்கும் நடுவில் அவர் ஆசாரத்தை விடவில்லை. யூதர்களுக்குச் சனிக்கிழமை ஓய்வு நாள். வெள்ளி மாலை சூரியன் மறைந்தது முதல் சனி இரவு வரை எந்த வேலையும் செய்யக் கூடாது. எவ்வளவு அவசர வியாபாரமானாலும் அந்த நாளில் கணக்குப் புத்தகத்தைத் தொடக் கூடாது. யூத முறைப்படி சமைத்த உணவைத்தான் உண்பார்.

அவர் வீட்டுக்குக் கவர்னர்களும் மகாராஜாக்களும் விருந்துக்கு வந்தார்கள். விருந்தாளி எவ்வளவு பெரியவராக இருந்தாலும் அந்த வீட்டுச் சமையல் கட்டின் சட்டம் மாறாது.

ஊசி போட்டுக் கொண்டார்

1896-இல் பம்பாயில் பிளேக் பரவியது. எலி செத்து விழும். பிறகு மனிதர்கள் விழுவார்கள். ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊரை விட்டு ஓடினார்கள்.

அப்போது இந்தியாவில் இருந்தவர் ஹாப்கின் என்ற விஞ்ஞானி. ஒடெஸ்ஸாவில் பிறந்த யூதர். காலராவுக்குத் தடுப்பூசி கண்டுபிடித்து, 1893 முதல் இந்தியாவில் ஆயிரக்கணக்கானவர்களுக்குப் போட்டவர். பிளேக்குக்கும் அவர் மருந்து கண்டுபிடித்தார். 1897 ஜனவரியில் முதல் ஊசியைத் தமக்கே போட்டுப் பார்த்தார்.

ஆனால் ஜனங்களுக்கு ஊசி என்றாலே பயம். வெள்ளைக்காரன் விஷத்தைக் குத்துகிறான் என்று வதந்தி. மதத்தைக் கெடுக்கும் மருந்து என்று இன்னொரு வதந்தி. இந்துக்களும் பயந்தார்கள். முஸ்லிம்களும் பயந்தார்கள்.

இங்கேதான் புளோரா அம்மையார் முன்னே வந்தார். ஹாப்கினின் முயற்சிக்கு ஆதரவு தந்தார். வாயால் சொன்னதோடு நிற்கவில்லை. மற்றவர் பயம் தெளியத் தாமே ஊசி போட்டுக் கொண்டார்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவர் ஒரு பணக்கார விதவை. ஆசாரமான குடும்பம். அவர் கையில் மருத்துவர் ஊசி குத்துவதை ஊர் பேசுவது என்றால் அந்தக் காலத்தில் அது சின்ன விஷயமா? மூன்று பிள்ளைகளுக்கு அவர் ஒருவர்தான் துணை. மருந்து தவறினால் என்ன ஆவது? அப்படி இருந்தும் செய்தார். உயிரைக் காப்பது மற்ற விதிகளை விடப் பெரியது என்பது யூத மதத்தின் முக்கியமான கொள்கை. அடக்கம் என்ற பெயரில் அவர் ஒதுங்கி நின்றிருந்தால், அவரைப் பார்த்துத் துணிந்தவர்களும் ஒதுங்கித்தான் நின்றிருப்பார்கள்.

கை நழுவிய பதவி

ஆனால் கம்பெனியில் நிலைமை மாறிக் கொண்டு வந்தது. லண்டனில் இருந்த உறவினர்களுக்கு ஒரு பெண் பம்பாயில் இருந்து நிர்வாகம் செய்வது பிடிக்கவில்லை. 1901-இல் கம்பெனியை லிமிடெட் கம்பெனியாக மாற்றி அமைத்தார்கள். பம்பாய்த் தலைமை புளோராவின் கையை விட்டுப் போனது.

ஏழு ஆண்டு கட்டிக் காத்தவருக்கு இது பெரிய அடிதான். அதே 1901-இல் பிள்ளைகளை அழைத்துக் கொண்டு லண்டனுக்குக் குடிபோனார். மொசேலுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்பதும் ஒரு காரணம்.

பிற்காலத்தில் சாசூன் கம்பெனி மெல்ல மெல்லத் தேய்ந்து, கடைசியில் மறைந்து போனது. அந்தக் குடும்பத்தின் சரித்திரத்தை ஆராய்ந்தவர்கள், நிர்வாகத் திறமை உள்ள ஒருவரை ஒதுக்கியது குடும்பம் செய்த பெரிய தவறு என்கிறார்கள்.

பத்துப் பேருடன் பயணம்

பதவி போனது. மதிப்புப் போகவில்லை. லண்டனில் புரூட்டன் தெருவில் இருந்த அவருடைய வீட்டுக்குப் பண்டிதர்கள் வந்தார்கள். வேதத்தில் சந்தேகம் என்றால் அவரோடு உட்கார்ந்து விவாதித்தார்கள்.

யூதர்கள் கூட்டாக ஜெபம் செய்ய வேண்டுமானால் குறைந்தது பத்து ஆண்கள் வேண்டும். அந்தப் பழைய விதிப்படி பெண்ணை அந்தப் பத்தில் ஒருவராகச் சேர்க்க மாட்டார்கள். நூறு பெண்கள் கூடினாலும் அது கணக்கில் வராது.

புளோரா என்ன செய்தார் தெரியுமா? வெளியூர்ப் பயணம் போகும்போது பத்து ஆண்களைத் தம்மோடு கூட்டிக் கொண்டே போனார்! போகிற ஊரில் ஜெபம் தடைப்படக் கூடாது அல்லவா? அதற்காக. யூத முறைப்படி ஆடு கோழி அறுக்கத் தெரிந்த ஒருவரும் கூடவே போவார்.

பத்துப் பேரில் ஒருவராக அவரைச் சேர்க்கவில்லை. ஆனால் அந்தப் பத்துப் பேரும் அங்கே கூடியதே அவரால்தான். விதியையும் அவர் மீறவில்லை. தம் கௌரவத்தையும் விட்டுக் கொடுக்கவில்லை.

இது சரியா, அந்த விதியையே மாற்ற வேண்டாமா என்று இன்று யூதப் பெண்களே கேட்கிறார்கள். சில பிரிவுகளில் பெண்களையும் அந்தப் பத்தில் சேர்த்துக் கொள்கிறார்கள். பெண்கள் குருமார்களாகவும் ஆகி இருக்கிறார்கள். ஆசாரமான பிரிவினர் பழைய முறையையே கைக்கொள்கிறார்கள். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

பண்டிதர் சபையில்

1924-இல் ஒரு புதுமை நடந்தது. லண்டனில் யூத குருமார்களைப் பயிற்றுவிக்கும் கல்லூரி ஒன்று இருந்தது. அங்கே படிப்பவர் ஆண்கள். படிப்பிப்பவரும் ஆண்கள். அந்தக் கல்லூரியின் ஆண்டு விழாவுக்குப் புளோரா அம்மையாரைத் தலைமை தாங்க அழைத்தார்கள்.

அவர் ஒப்புக்கு நாலு வார்த்தை பேசிவிட்டு உட்காரவில்லை. வேதத்திலும் தால்மூத்திலும் இருந்து மேற்கோள் காட்டி ஒரு பண்டிதரைப் போலவே உரை நிகழ்த்தினார். குரு ஆக முடியாத ஒரு பெண், குரு ஆகப் போகிறவர்களுக்குப் பாடம் சொன்னார்!

ராஷி என்பவர் 11-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த பெரிய உரையாசிரியர். நமக்குத் திருக்குறளுக்குப் பரிமேலழகர் எப்படியோ, யூதர்களுக்கு வேதத்துக்கு ராஷி அப்படி. அவரைப் பற்றி 1930-இல் புளோரா ஒரு கட்டுரை வெளியிட்டார். அப்போது அவருக்கு எழுபது வயதை ஒட்டி இருந்தது.

தாயின் கல்விப் பற்று மகனையும் தொற்றிக் கொண்டது. மகன் டேவிட் எபிரேயக் கையெழுத்துச் சுவடிகளை ஊர் ஊராகத் தேடிச் சேர்த்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட அந்தச் சுவடிகளுக்கு 1932-இல் ஒரு பெரிய அட்டவணை நூலும் வெளியிட்டார். நமக்கு உ. வே. சாமிநாத ஐயர் ஏடு தேடி அலைந்தது நினைவுக்கு வரும். மூத்த மகள் ரேச்சல் கல்கத்தாவில் சர் டேவிட் எஸ்ராவை மணந்து மறுபடியும் இந்தியாவுக்கே வந்து சேர்ந்தார்.

1936 ஜனவரியில் புளோரா சாசூன் லண்டனில் காலமானார்.

நமக்கு என்ன?

நம் பெரியவர்கள் பெண்ணுக்கு நான்கு குணம் சொன்னார்கள். அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு. இதைச் சொல்லித்தான் பல வீடுகளில் பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் இருந்து நிறுத்தினார்கள். யூத வீடுகளிலும் அடக்கத்தைச் சொல்லிப் பெண்ணை அடுப்படியோடு நிறுத்தியவர்கள் உண்டு.

புளோரா அடக்கத்தை உடையிலும் உணவிலும் வழிபாட்டிலும் காத்தார். ஆனால் அறிவை மூடி வைக்கவில்லை. துணிவையும் மூடி வைக்கவில்லை. கணவர் இறந்தபோது கணக்குப் புத்தகத்தைத் திறந்தார். ஊருக்கு ஆபத்து வந்தபோது கையை நீட்டி ஊசி போட்டுக் கொண்டார். சபையில் அழைத்தபோது எழுந்து பேசினார்.

அவரிடம் பணம் இருந்தது, அதனால் முடிந்தது என்று சிலர் சொல்லலாம். அது உண்மைதான். பணம் இல்லாத பெண்ணுக்குப் பத்துப் பேரைக் கூட்டிக் கொண்டு பயணம் போக முடியாது. ஆனால் பணம் இருந்த மற்றப் பெண்கள் பலரின் பெயர் நமக்குத் தெரியவில்லையே! புளோராவுக்குப் பெயர் தந்தது சிறு வயதில் கிடைத்த படிப்பு. அந்தப் படிப்பைத் தர எந்த ஏழைத் தகப்பனும் இன்று முயலலாம்.

அடுத்த முறை ஏற்காட்டுக்குப் போனால், லேடீஸ் சீட்டைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். சேர்வராயன் கோவிலுக்கும் போய் வாருங்கள். 5,300 அடிக்கு மேல், மலை உச்சியில், தாழ்ந்த குகைக்குள் இருக்கிறது கோவில். குனிந்துதான் உள்ளே போக வேண்டும். ஆணும் குனிய வேண்டும். பெண்ணும் குனிய வேண்டும். உள்ளே சேர்வராயனும் காவேரி அம்மனும் ஒரே இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள்.